மின்திரையா, பெயின்ட் பலகையா? வீதியோரச் சபை ஒன்றின் முன்னுள்ள தெரிவுகள்

எங்கள் கிறிஸ்தவ ஆலய வாசலில் நிற்கிற பெயர்ப்பலகை இனித் தாங்காது. தகரம் துருப்பிடித்துக் கீழ்ப்பகுதி உதிர்கிறது. ஆராதனை நேரம் எழுதியிருந்த வரியில் பாதியைக் காணவில்லை. மாற்றத்தான் வேண்டும் என்பதில் சபையில் இரண்டு பேச்சு இல்லை. எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் பேச்சு நீண்டுகொண்டே போகிறது. வாலிபர் சங்கத்தார் எல்.ஈ.டி. மின்திரை கேட்கிறார்கள். மூத்தவர்கள் பலருக்குப் பழைய மாதிரிப் பெயின்ட் பலகையே போதும். நகைக்கடை வாசலில் ஓடுகிற சிவப்பு எழுத்துப் பட்டியில் ஒன்றை வாங்கிப் பலகைக்குக் கீழே பூட்டிவிடலாம் என்பது இன்னும் சிலருடைய யோசனை. பலகையே எதற்கு, வாட்ஸ்அப் இருக்கிறதே என்பவர்களும் உண்டு.

அடுத்த சபைக் கூட்டத்தில் கை உயர்த்துவதற்கு முன் எல்லோர் கையிலும் ஒரே விவரம் இருந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீதிக்கு, மூன்று மொழியில் எழுதி மேலிருந்து விளக்கு விழுகிற பெயின்ட் பலகை. தேயிலைத் தோட்டங்களுக்கு, டிவிசனுக்கு (தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும்) ஒன்றாக அறிவித்தல் பெட்டிகள். ஏன் இப்படி நினைக்கிறேன் என்பதற்கு, அந்தப் பலகையை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

எங்கள் ஆலயம் ஹட்டனிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் போகிற வீதியோரம் இருக்கிறது. பகலில் பஸ், ஸ்கூல் வேன், ஆட்டோ, கொழுந்து லொறி என்று போய்க்கொண்டே இருக்கும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம் என்பதால் மலையடியிலுள்ள நல்லதண்ணிக்குப் போகிற வாகனங்களுக்கு இரவு பகல் கிடையாது. இப்படிக் கடந்து போகிறவர்களில் நம் பலகையைத் தேடுகிறவர்கள் சிலபேர்தான். மாற்றலாகி வந்த ஆசிரியர் குடும்பம், திருமணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே ஆராதனை என்று கேட்கிற சுற்றுலாப் பயணி. அவர்களுக்கு வேண்டியது இது என்ன ஆலயம், எத்தனை மணிக்கு ஆராதனை, எந்த மொழியில், வாசல் எந்தப் பக்கம் என்ற நாலு விஷயம். இந்த நாலும் வருடக்கணக்கில் மாறாதவை.

நம் சபையாரில் பெரும்பகுதி வீதியோரத்தில் இல்லை. மேலே, தோட்டங்களில், லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியவைதான் அடிக்கடி மாறும் செய்திகள். யார் வீட்டில் ஜெபக்கூட்டம், ஞானஸ்நான வகுப்பு எப்போது, பிள்ளைகளின் டியூஷன் நடக்குமா, மருத்துவ முகாம் என்றைக்கு, யார் இறந்துபோனார், அடக்கம் எத்தனை மணிக்கு. இந்தப் பேச்சு வந்தபோது பெண்கள் ஐக்கியத்தில் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "தம்பி, நாங்க ரோட்டுக்கு எறங்குறதே சம்பளத்தன்னைக்கும் ஞாயித்துக்கெழமையுந்தான். ஞாயித்துக்கெழம கோயிலுக்குள்ளதான இருக்கோம்? அப்ப அந்த போர்ட்ட யாரு பாக்குறது?" கூட்டத்தில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு எந்த மின்திரைக்கும் பணம் ஒதுக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

சரி, மின்திரைக்கு வருவோம். வாலிபர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு மரணச் செய்தியை ஐந்து நிமிடத்தில் வாசலில் போட்டுவிடலாம். பண்டிகைக்குப் பண்டிகை பெனர் அடித்து, கட்டி, மழையில் கிழிந்தபின் அவிழ்த்து எறிகிற செலவு இல்லை. வேதவசனம் ஒன்றை நாளுக்கு நாள் மாற்றலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த ஆலயம் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். கடைசிக் காரணத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. இருட்டில் பூட்டிக் கிடக்கிற ஆலயத்தைப் பார்த்தால் புதிதாக வருகிறவருக்கு உள்ளே கால் வைக்கத் தயக்கமாகத்தான் இருக்கும்.

வெளியில் பூட்டுகிற திரைகள் பெரும்பாலும் பி 10 என்ற வகை. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 10 மில்லிமீற்றர் இடைவெளி என்பதுதான் அந்த எண்ணின் கணக்கு. ஒரு துண்டு 32 சென்டிமீற்றர் அகலம், 16 சென்டிமீற்றர் உயரம். அதற்குள் அகலவாட்டில் 32 புள்ளி, உயரவாட்டில் 16 புள்ளி. இந்தத் துண்டுகளை அடுக்கித்தான் திரை செய்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஏழு புள்ளி உயரம் இருந்தாலே வாசித்துவிடலாம். தமிழுக்கு அது போதாது. எழுத்தின் உடல் ஒரு பங்கு, மேலே ‘கி, கீ’ சுழி ஒரு பங்கு, கீழே ‘கு, கூ, ரு’ வளைவு ஒரு பங்கு என்று உயரம் மூன்றாகப் பிரிந்துவிடும். 16 புள்ளிக்குள் இதை அடக்கினால் ‘ணி’யும் ‘ணீ’யும் ஒன்றுபோலத் தெரியும். "திருவிருந்து" என்ற சொல்லைப் பதினாறு புள்ளியில் எழுதிப் பாருங்கள். சுழியும் வளைவும் ஒன்றோடொன்று ஒட்டி, தூரத்துக்கு ஒரு சிவப்புக் கட்டியாகத்தான் நிற்கும். சிங்கள எழுத்துக்கும் மேலும் கீழும் இதே தொல்லை.

ஆகவே தமிழுக்கு ஒரு வரிக்குக் குறைந்தது 32 புள்ளி உயரம் வேண்டும். அதாவது இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கவேண்டும். அந்த உயரத்தில் ஓர் எழுத்து சராசரியாக முப்பது புள்ளி அகலம் பிடிக்கும். ஆறு துண்டு நீளத்தில், கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் திரை வாங்கினால் 192 புள்ளி கிடைக்கும். அதில் ஒரு நேரத்தில் நிற்பது ஆறு எழுத்து. "ஞாயிறு ஆராதனை" என்ற இரண்டு சொல்லே முழுதாக நிற்காது, ஓடத்தான் வேண்டும். எங்கள் வாசலுக்கு முன் ஒரு வளைவு. மேலிருந்து வருகிற வாகனத்துக்குப் பலகை கண்ணில் படுவதற்கும் அதைக் கடப்பதற்கும் இடையில் நாற்பது மீற்றர் இருந்தால் பெரிய காரியம். மணிக்கு 36 கிலோமீற்றரில் வந்தாலும் அது நாலு விநாடி. இந்த நாலு விநாடிக்குள் ஓடுகிற வரியில் பாதியைத்தான் பிடிக்கமுடியும்.

இதோடு மொழியையும் சேர்த்துப் பாருங்கள். நம் வீதியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. சின்னத் திரையில் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்காது. மாறி மாறித்தான் வரும். மொழிக்கு ஐந்து விநாடி என்று வைத்தால் முழுச் சுற்று பதினைந்து விநாடி. நாலு விநாடியில் கடக்கிற ஒருவருக்குத் தன் மொழி கண்ணில் படுவது அதிர்ஷ்டம். சிங்களக் குடும்பம் தமிழைப் பார்த்துவிட்டுப் போகும், தமிழ்க் குடும்பம் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டுப் போகும். பெரிய திரை வாங்கினால் இது தீரும். ஆனால் பரப்பளவு கூடக் கூட விலையும் கூடும், மின்சாரமும் கூடும்.

மின்சாரக் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பலவண்ண வெளித்திரை ஒரு சதுர மீற்றருக்குச் சராசரியாக 250 வாட் எடுக்கும் என்று வைப்போம். முழு வெளிச்சத்தில் வெள்ளை காட்டினால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு போகும். இரண்டு சதுர மீற்றர் திரை, நாளுக்கு 14 மணித்தியாலம் என்றால் தினம் 7 அலகு, மாதம் 210 அலகு. பெயின்ட் பலகைக்கு மேல் 30 வாட் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு போட்டு மாலையில் நாலு மணித்தியாலம் எரித்தால் மாதம் ஏழு அலகுதான் வரும். மின் கட்டணத்தில் மதத்தலங்களுக்குத் தனி வகை இருந்தாலும் அலகு கூடக் கூட அதிலும் விலைப்படி ஏறும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் மின் கட்டணம் ஏறியபோது மதத்தலங்களும் தப்பவில்லை. நாம் மணிக்கூண்டு விளக்கைக்கூட அணைத்து வைத்த காலம் அது. அப்புறம் கட்டணம் குறைந்தது உண்மைதான். ஆனால் திரை என்பது பத்து வருடம் இருக்கப்போகிற பொருள். பத்து வருடக் கட்டணத்தை இன்றைக்கு யாராலும் சொல்லமுடியாது. கட்டணம் ஏறும் நாளில் அதை அணைத்து வைத்தோமென்றால் வாசலில் ஒரு கறுப்புச் சதுரம்தான் நிற்கும். பெயின்ட் பலகையின் விளக்கை அணைத்தாலும் பகலில் அது பலகைதானே.

காலநிலையும் நம் பக்கம் இல்லை. மேற்குச் சரிவில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மழை விட்ட நேரத்தில் மூட்டம். வெளித்திரைகளின் முன்பக்கம் ஐ.பி. 65 என்று தண்ணீருக்குத் தாங்கும் தரத்தில் வந்தாலும் பின்பக்கம் பெரும்பாலும் அந்த அளவுக்கு வராது. மழைத்தண்ணி நேராக உள்ளே போகாவிட்டாலும் ஈரக்காற்று போகும். உள்ளே இருக்கிற 5 வோல்ட் பவர் சப்ளையும், துண்டுக்குத் துண்டு இணைக்கிற தட்டை வயரின் முனைகளும் பச்சை பூக்கத் தொடங்கும். முதலில் ஒரு துண்டு இருளும். அதிலிருந்து எல்லாச் சொல்லிலும் நடுவில் ஒரு எழுத்து இராது. மலையக நகரங்களில் இப்படி ஒரு துண்டு செத்த திரைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடை என்றால் பரவாயில்லை. வேதவசனத்தின் நடுவில் ஓட்டை விழுந்து மாதக்கணக்கில் வீதியைப் பார்த்து நிற்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமின்னலுக்கு மலையகத்தில் டீவி பறிகொடுத்த வீடுகள் ஏராளம். உயரத்தில் நிற்கிற இரும்புச் சட்டத்தில் மின்னணுப் பொருளை மாட்டுகிறோம் என்றால் ஒழுங்கான எர்த், மின்னல் பாய்ச்சலைத் தடுக்கிற கருவி இரண்டும் வேண்டும். கொட்டேஷன் தருகிறவர்கள் பலர் இந்த வரியை எழுதுவதே இல்லை. பழுதானால் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆள் வரவேண்டும். துண்டுகள் எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டதை மறக்கக்கூடாது. புதிதாக வாங்கிப் போடுகிற துண்டு பழையவற்றின் நிறத்தோடு சரியாகப் பொருந்துவதும் இல்லை.

இன்னொன்று இரவு மூட்டம். பகல் வெயிலில் தெரிவதற்காக ஆக்கப்பட்ட வெளிச்சத்தை இரவில் குறைக்காவிட்டால் மூட்டத்துக்குள் அது வெள்ளைப் புகைச்சுவராக விரியும். வளைவில் பஸ் ஓட்டுகிறவரின் கண்ணில் அது விழுந்தால் பலகையால் ஒரு விபத்து. பருவகாலத்தில் நள்ளிரவில் சிவனொளிபாதமலைக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிற யாத்திரிகர்களின் முகத்தில் நம் திரை அடிப்பதும் நமக்கு அழகில்லை. நம் ஊரில் விகாரையும் கோவிலும் பள்ளிவாசலும் ஆலயமும் ஒரே வீதியில் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நம் ஞாயிறு ஆராதனைக்குப் பொலிஸ் காவல் நின்ற காலத்தில் அக்கம்பக்கத்தாரின் அன்பு எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்று நமக்குத் தெரியும். வாசலில் எதை வைத்தாலும் அவர்கள் கண்ணுக்கும் அது இதமாக இருக்கவேண்டும்.

இயக்குகிறவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. இப்போது கேட்கிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆசையோடு கேட்கிறார்கள். ஆனால் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பாதிப்பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. கடவுச்சொல்லும் லப்டொப்பும் அவர்களோடு போய்விடும். இத்திரைகளோடு வருகிற மலிவான மென்பொருள்கள் சிலவற்றில் யூனிகோட் தமிழைத் தட்டினால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். அதனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டவேண்டும், அல்லது படமாக்கி ஏற்றவேண்டும். பழகியவருக்கு இது சின்ன வேலை. புதிதாக வருகிற குருவானவருக்கும் அறுபது வயதுச் செயலாளருக்கும் அப்படி இருக்காது. ஈஸ்டர் வாழ்த்து ஆடி மாதம் வரை ஓடிக்கொண்டிருந்தால் ஆலயத்தில் ஆளில்லை என்றுதான் வீதியில் போகிறவர் நினைப்பார்.

வாலிபர் சங்கச் செயலாளர் கூட்டத்தில் எழுப்பிய ஒரு காரணத்தைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். இருக்கிற காரணங்களில் கனமானது அதுதான். "அங்கிள், மண்சரிவு எச்சரிக்கை வந்தா உடனே திரையில போடலாமே" என்றார். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகள் உயிர்களையும் வீடுகளையும் பாதைகளையும் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தோம். எச்சரிக்கை ஒரு மணித்தியாலம் முந்திக் கிடைத்தால் குடும்பங்கள் தப்பும். அந்தப் பிள்ளையின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் முதலில் போனது மின்சாரம். போன் சிக்னலும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லை. திரை அதே வயரில்தான் தொங்கும். அதற்கு மேல், ஆபத்தில் இருக்கிற லயம் வீதியோரத்தில் இல்லை, சரிவில் இருக்கிறது. ஆகவே எச்சரிக்கைக்கு மின்சாரமில்லாத வழி வேண்டும். நம்மிடம் ஆலய மணி இருக்கிறது. காற்று வாகாக இருந்தால் மேல் டிவிசன்வரை கேட்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை கொடுக்கிறது. சிவப்பென்றால் வெளியேறவேண்டும். சிவப்பு வந்துவிட்டது என்று கிராம அலுவலர் உறுதி சொன்னால் மணியை எப்படி அடிப்பது என்று ஒரு முறையை வகுத்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் முதல் எல்லோருக்கும் சொல்லிவைக்கலாம். பலகையிலும் இரண்டு கொக்கி வைத்து, அந்தந்த நிறத் தகடு ஒன்றைக் கையால் மாட்டலாம். வாசிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும்.

சிவப்பு எழுத்துப் பட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு, மின்சாரமும் குறைவு. பன்னிரண்டு துண்டு ஒற்றை நிறப் பட்டி ஒன்று மாதம் முப்பது அலகுக்குள் நின்றுவிடும். ஆனால் எழுத்து, மொழி, ஈரம், மின்னல், ஆள் என்று மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் அதற்கும் உண்டு. பலவண்ணத் திரையின் அழகு மட்டும் இல்லை. இரண்டில் ஒன்று என்று வந்தால், பட்டியைவிட நல்ல திரையே மேல் என்பேன்.

வாட்ஸ்அப் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் குழுவில் செய்தி போட்டால் நகரத்துக் குடும்பங்களுக்கும் கொழும்பிலிருக்கிற பிள்ளைகளுக்கும் உடனே போகிறது, அதை நிறுத்தவே கூடாது. ஆனால் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பகலில் வேலைக்குப் போகிறவர் கையில். டேட்டா முடிந்தால் அடுத்த சம்பளம் வரை செய்தி வராது. தனியாக இருக்கிற வயதான தாய்மார் பலரிடம் இருப்பது பட்டன் போன். வழி தெரியாமல் வீதியில் நிற்கிற புதியவர் நம் குழுவிலேயே இல்லை.

இனிப் பெயின்ட் பலகை. எட்டடிக்கு நாலடி அளவில் துருப்பிடிக்காத தகடு, பின்னால் கல்வனைஸ் பெட்டிக் குழாய்ச் சட்டம். எழுத்தின் உயரத்துக்குப் பலகை எழுதுகிறவர்கள் சொல்கிற கணக்கு, பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குலம். நாற்பது மீற்றரிலிருந்து சுகமாக வாசிக்க ஒரு அடி எழுத்து வேண்டும், பாதித் தூரத்துக்கு ஆறு அங்குலம் போதும். நாலடி உயரத்தில் ஆலயத்தின் பெயரை மூன்று மொழியிலும் ஒன்பது அங்குல எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடைசி வரியில் ஆராதனை நேரத்தை ஆறு அங்குலத்தில் போட இடம் இருக்கிறது. நேரத்தை எண்ணில் எழுதினால் மூன்று மொழிக்கும் அது ஒன்றேதான். நாலு விநாடியில் கடக்கிறவர் தன் மொழியைத் தேடிப் பிடித்து வாசிக்க அதில் பாதிக்கு மேல் அவருக்கு இருக்கிறது, ஏனென்றால் எதுவும் ஓடவில்லை, மாறவில்லை.

நிறம், கரும்பச்சையில் வெள்ளை எழுத்து. பச்சை சுற்றியிருக்கிற தேயிலையோடு போய்விடும் என்று சிலர் சொல்வதால் சுற்றிலும் அகலமான வெள்ளை விளிம்பு வேண்டும். எழுத்தை மட்டும் வீதிப் பலகைகளில் ஒட்டுகிற ஒளி தெறிக்கும் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினால் மின்வெட்டு இரவிலும் வாகனத்தின் ஹெட்லைட் பட்டவுடன் பெயர் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்படிப்பட்ட இரவிலும்கூட. விளக்கு இரண்டையும் பலகையின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வைக்கவேண்டும். கீழிருந்து மேலே அடித்தால் வெளிச்சத்தில் பாதி மூட்டத்துக்குப் போய்விடும். பாசி வரும், அதில் சந்தேகமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணியும் துணியும் போதும். அதை வாலிபர் சங்கத்தார் செய்துவிடுவார்கள். ஐந்தாறு வருடத்தில் மறுபடி பெயின்ட் அடிக்க நம் ஊர்ப் பெயின்டரே இருக்கிறார்.

இதன் குறை, செய்தி மாறாது. திடீர் மரண அறிவித்தலுக்குப் பலகையின் கீழ் மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு கரும்பலகை, மேலே மழை விழாதபடி சின்னத் தகரக் கூரை. சோக்கில் பெயரும் அடக்க நேரமும் எழுதலாம். வாகனத்தில் போகிறவர் அதை வாசிக்கமாட்டார், பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவர் வாசிப்பார். மரணத்தைச் சொல்ல நம் பக்கத்தில் ஆட்டோவில் மைக் கட்டி டிவிசன் டிவிசனாகப் போகிற வழக்கம் இருக்கிறது, சந்தியில் படத்தோடு பெனரும் கட்டுகிறார்கள். அவை நடக்கத்தான் போகின்றன.

அறிவித்தல் பெட்டிகளை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், நம் ஆட்கள் தினமும் நிற்கிற இடங்கள் தோட்டத்துக்குள்ளேயே இருப்பதுதான். பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடம்), பிள்ளை மடுவம் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்), கொழுந்து நிறுக்கிற இடம், தண்ணிப் பீலி. இவற்றில் எது தோதோ அங்கே, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, கண்ணாடிக் கதவு வைத்த மரப்பெட்டி ஒன்று. சனிக்கிழமை ஒரு ஏ4 தாள், கொட்டை எழுத்தில். அந்தத் தாளை மாற்றுகிற பொறுப்பை அந்த டிவிசனிலேயே ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். கணினி தெரிந்த வாலிபர்கள் தாளை வடிவமைக்கட்டும். கொழும்புக்குப் போனபின்னும் அதை அங்கிருந்தே செய்து அனுப்பலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் நினைக்கவேண்டும். கட்டட நிதியில் இருப்பதில் பெரும்பகுதி அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்தது. லயத்துக்குப் பின்னால் கைப்பிடி அளவு தோட்டத்தில் விளைந்த போஞ்சியையும் சவ்சவ்வையும் கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டார் கொண்டுவந்ததைத் தாங்களே கூடுதல் விலைக்கு ஏலமெடுத்த பணம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 செப்டெம்பரில்தான். அந்தப் பணத்தில் வைக்கிற எதுவும் கொடுத்தவர்களின் கண்ணில் தினமும் படுகிற இடத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவும் கேட்டபிறகும் சபை மின்திரை என்று தீர்மானித்தால் நான் கூடவே நிற்பேன். ஆனால் சில நிபந்தனைகள் இல்லாமல் கையெழுத்து வைக்கக்கூடாது. நகர சபையின் எழுத்துமூல அனுமதியும், வீதி ஒதுக்கீட்டுக்குள் வருகிறதென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியும் கையில் கிடைத்தபின்தான் முற்பணம் கொடுக்கவேண்டும் (பெயின்ட் பலகைக்கும் இதைக் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்). கொட்டேஷனில் எர்த், மின்னல் பாதுகாப்பு, பின்பக்க மூடி, கைவசம் வைக்க நாலு உபரித் துண்டு எல்லாம் தனித்தனி வரியாக வரவேண்டும். இரவில் தானாக வெளிச்சம் குறையவேண்டும். பத்து மணிக்கு மேல் அணையவேண்டும். எழுத்து ஓடக்கூடாது, நிற்கவேண்டும். இயக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் மூன்று பேர் இருக்கவேண்டும், அதில் ஒருவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவராக. மாத மின்கட்டணத்துக்குத் தனி உண்டியல் வேண்டாம், ஆண்டுக் கணக்கறிக்கையில் தனி வரியாகக் காட்டினால் போதும்.

கூட்டத்துக்கு முன் செய்துபார்க்க ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. 32 சென்டிமீற்றர் உயரத்தில் திரையில் வரக்கூடிய ஆறு எழுத்தையும், ஒன்பது அங்குலத்தில் பலகையில் வரக்கூடிய மூன்று மொழிப் பெயரையும் ஃப்ளெக்ஸில் அடித்து, ஒரு மூட்டமான பின்னேரத்தில் வாசலில் பிடித்துக்கொண்டு நிற்போம். வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவர், மூத்தவர்களில் ஒருவர், அந்த அக்கா மூவரும் மேல் வளைவிலிருந்து ஆட்டோவில் வரட்டும். எந்த இடத்தில் எதை வாசித்தார்கள் என்று அவர்கள் காட்டும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்த அளவுகளை அப்படியே கூட்டத்தில் வைப்போம்.